ஸ்பேம் குவாரன்டைனைக் குப்பைத்தொட்டி ஆக்காமல் அமைப்பது எப்படி

குவாரன்டைன் என்பது மெயிலை இன்பாக்ஸுக்கு விடாமல் பிடித்து வைக்கும் இடம். அதில் இருக்க வேண்டியது சந்தேகத்துக்குரிய மெயில் மட்டும். நிச்சயமான ஸ்பேமையும் அதிலேயே கொட்டினால், பிடித்து வைத்தவற்றைப் பட்டியலிட்டுப் பயனருக்குத் தினமும் போகும் அறிக்கை எண்பது வரிக்கு நீளும். அறுபத்தோராவது வரியில் ஒரு வாடிக்கையாளரின் பில் கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது. நான்காம் நாள் அறிக்கையைத் திறப்பதையே விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குவாரன்டைனுக்கும் சத்தமில்லாமல் மெயிலை அழிப்பதற்கும் வித்தியாசம் கிடையாது.

அதனால் முதலில் ஸ்கோர் எல்லைகளை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் ஸ்பேம் மதிப்பெண் (ஸ்கோர்) போடும் மென்பொருளான ஸ்பேம்அசாசினின் இயல்பான எல்லை 5.0. ஐந்துக்குக் கீழே வந்தால் நேராக இன்பாக்ஸ், 5 முதல் 10 வரை குவாரன்டைன், 10-க்கு மேல் மறுப்பு என்று தொடங்கலாம். மறுப்பதை எஸ்எம்டிபி உரையாடல் (மெயிலைக் கைமாற்ற இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வது) நடக்கும்போதே 550, அதாவது ‘ஏற்க முடியாது’ என்ற பதிலோடு செய்துவிட வேண்டும். மெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பினால், ஸ்பேமர் திருடிப் போட்ட முகவரிக்காரருக்குத்தான் அது போய்ச் சேரும். உங்கள் சர்வரும் தடைப்பட்டியலில் ஏறும். முதல் வாரம் எதையும் பிடித்து வைக்காமல், ஹெடரில் (மெயிலோடு வரும் தொழில்நுட்ப விவர வரிகளில்) ஸ்கோரை மட்டும் எழுத விட்டுப் பாருங்கள். நல்ல மெயில் எத்தனை மதிப்பெண் வாங்குகிறது என்று தெரிந்த பிறகு எல்லையைப் பூட்டலாம்.

இந்த ஒரு வாரத்தில் பார்க்க வேண்டியது டிஎன்எஸ், அதாவது பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் அமைப்பு. தடைப்பட்டியலைக் கேட்பதும் இதன் வழியாகத்தான். கேட்வே (வரும் மெயிலை முதலில் வாங்கிச் சோதிக்கும் சர்வர்) 8.8.8.8 போன்ற பொது ரிசால்வரை, அதாவது டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் பொதுச் சர்வரைப் பயன்படுத்தினால், தடைப்பட்டியல் நடத்தும் ஸ்பேம்ஹாஸ் கேள்விக்குப் பதில் சொல்லாது, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத்தான் திருப்பும். எந்தப் பதில் வந்தாலும் ‘பட்டியலில் இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும்படி யாராவது விதி எழுதியிருந்தால் கதை முடிந்தது: வரும் மெயில் அத்தனையும் குவாரன்டைனுக்குப் போகும். கேட்வேயிலேயே அன்பவுண்ட் மாதிரி ஒரு ரிசால்வரை நிறுவி, அது வேறு எங்கும் ஃபார்வர்டு செய்யாமல் நேராக டிஎன்எஸ்ஸின் உச்சியில் உள்ள ரூட் சர்வர்களைக் கேட்கும்படி வையுங்கள்.

இனி அமைப்பு. புராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வேயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மற்றவற்றிலும் இதே அம்சங்கள் வேறு பெயரில் இருக்கும். கான்ஃபிகரேஷன், ஸ்பேம் டிடெக்டர், குவாரன்டைன் என்று போனால் சேமிப்புக் காலம் 7 நாள் என்றிருக்கும். ஒரு வாரம் விடுப்பில் போய் வருபவருக்கு இது போதாது. 14 ஆக்குங்கள். வட்டில் இடம் பெரிய விஷயமே இல்லை: நாளுக்கு 1,000 மெயில், சராசரி 75 கேபி என்றால் 14 நாளுக்கு ஏறத்தாழ 1 ஜிபி.

உள்நுழைவு முறையில் ‘டிக்கெட்’ என்றால், அறிக்கையில் உள்ள இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் அந்தக் குவாரன்டைனுக்குள் போகலாம். அறிக்கையை அப்படியே சக ஊழியருக்கு ஃபார்வர்டு செய்யும் பழக்கம் உள்ள அலுவலகத்தில் எல்டேப் (அலுவலகப் பயனர் கணக்குகளின் பட்டியல்) கடவுச்சொல்தான் சரி. குவாரன்டைன் ஹோஸ்ட் பெட்டியில் ஐபி முகவரி போடாதீர்கள். சர்வரின் முழு டொமைன் பெயரும் செல்லுபடியாகும் சான்றிதழும் வேண்டும். எண்களால் ஆன இணைப்பும் உலாவியின் சிவப்பு எச்சரிக்கையும் வந்தால், பயிற்சி பெற்ற பயனர் அதையே பிஷிங் என்று புகார் செய்வார். அவர் செய்வது சரியும்கூட. 8006 போர்ட்டில் அட்மின் பக்கமும் இருப்பதால் அதை இணையத்துக்குத் திறந்துவிடாமல், முன்னால் ஒரு ரிவர்ஸ் புராக்ஸி (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே கொடுக்கும் இடைச் சர்வர்) வைத்து 443-இல் குவாரன்டைன் பக்கத்தை மட்டும் காட்டுங்கள்.

மெயில் ஃபில்டர் விதிகளில் பெரிய எண் முதலில் ஓடும். வைரஸ் தடுப்பு எப்போதும் அனுமதிப் பட்டியலுக்கு மேலே இருக்கட்டும். இன்னொன்று: இயல்புநிலையில் இந்தக் கேட்வே மெயிலை வாங்கிய பிறகுதான் சோதிக்கிறது. அந்த நிலையில் ‘பிளாக்’ என்றால் மெயில் காணாமல் போகும், அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. மேலே சொன்ன 550 மறுப்பு வேண்டுமானால், மெயிலை வாங்கி வரிசையில் போடுவதற்கு முன்பே சோதிக்கும் வசதியை மெயில் புராக்ஸி அமைப்பில் இயக்க வேண்டும்.

ரிலீஸ் செய்யும் உரிமையைப் பிரித்துக் கொடுங்கள். சாதாரண ஸ்பேமைப் பயனரே விடுவிக்கலாம்; வைரஸும் பிஷிங்கும் அட்மின் கையில் மட்டும். விற்பனைப் பிரிவு போன்ற குழு முகவரிக்கு வரும் அறிக்கை பன்னிரண்டு பேருக்கும் போனால் எல்லோரும் அடுத்தவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

அறிக்கையிலேயே இரண்டு சிக்கல் உண்டு. அதன் உள்ளே இருப்பதெல்லாம் ஸ்பேம் தலைப்புகள்தான் என்பதால், உள் மெயில் சர்வரின் ஃபில்டர் அதையே ஜங்கில் தள்ளும். கேட்வேயின் ஐபியை அங்கே நம்பகமானதாகச் சேருங்கள். இரண்டாவது, இணைப்புகளைத் தானாகத் திறந்து சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள். ‘விடுவி’ இணைப்பைத் தொட்டாலே மெயில் வெளியேறும்படி இருந்தால், மனிதர் கை படாமலே அத்தனை ஸ்பேமும் இன்பாக்ஸில் வந்து நிற்கும். இணைப்பைத் திறந்த பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால்தான் ரிலீஸ் ஆகும் என்று வையுங்கள்.

அனுமதிப் பட்டியலில் சொந்த டொமைனைச் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃப்ரம் முகவரியை யாரும் எழுதிக்கொள்ளலாம். மேலாளர் பெயரில் வரும் போலி மெயிலுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும். டிகேஐஎம் கையொப்பம் (மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்கான டிஜிட்டல் அத்தாட்சி) தேறினால் மட்டும் அனுமதி என்று கட்டுங்கள்.

சோதனைக்கு ஜிடியூப் என்ற மாதிரி வரியை வெளிக் கணக்கிலிருந்து அனுப்புவது வழக்கம். ஆனால் ஸ்பேம்அசாசின் அதற்கு 1,000 மதிப்பெண் கொடுக்கும். மேல் எல்லை வைத்திருந்தால் அது மறுக்கப்படும், குவாரன்டைனுக்கே வராது. அமைப்பு கெட்டுவிட்டதோ என்று குழம்பி உட்கார வேண்டாம். தலைப்பில் ஒரு விசித்திரமான சொல் இருந்தால் 7 மதிப்பெண் என்று தற்காலிக விதி எழுதி, அந்தச் சொல்லோடு அனுப்புங்கள். வேறு விதிகள் ஒன்றிரண்டு மதிப்பெண் கூட்டினாலும் குறைத்தாலும் நடு எல்லைக்குள்தான் நிற்கும். குவாரன்டைனில் விழுந்ததா, அறிக்கையில் வந்ததா, ரிலீஸ் செய்ததும் ஜங்குக்குப் போகாமல் இன்பாக்ஸுக்கு வந்ததா என்று மூன்றையும் பாருங்கள். முடிந்ததும் விதியை நீக்க மறக்காதீர்கள்.

பிறகு வாரம் ஒருமுறை, விடுவிக்கப்பட்ட மெயில்களின் ஹெடரைத் திறந்து எந்த விதி மதிப்பெண்ணை ஏற்றியது என்று பாருங்கள். ஒரே விதி மூன்று நான்கு முறை வந்தால் அதன் மதிப்பெண்ணை மட்டும் குறையுங்கள். எல்லை 5-இலேயே இருக்கட்டும்.