கிணறு இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்

"வளவுக்குள்ள கிணறு இருக்கு, பிறகு ஏன் தண்ணி சேர்த்து வைக்கவேணும்?" என்று அம்மம்மா கேட்பார், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோதுதான் அது எவ்வளவு பிழை என்று விளங்கியது. கரண்ட் போனதும் மோட்டார் ஓடவில்லை, மேல் டாங்கித் தண்ணீர் ஒரு நாளைக்கும் காணவில்லை, கப்பியையும் கயிற்றையும் மோட்டார் பூட்டிய காலத்திலேயே கழற்றிவிட்டோம். அதைவிட மோசம், முற்றத்து வெள்ளம் கட்டைத் தாண்டிக் கிணற்றுக்குள் இறங்கியது.

இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. தெளிந்தால் குடிக்கலாம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக்கல், மலசலகூடக் குழியில் இருப்பது சரியாக வடிபடாமலே கிணற்றுக்கு வந்துவிடும், கண்ணுக்கும் தெரியாது. வெள்ளம் நிற்கும்போதே இறைத்தும் பயனில்லை, அதே தண்ணீர்தான் திரும்ப ஊறும். வெள்ளம் வடிந்த பிறகு இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன அளவுக்குக் குளோரின் போட்டோம். அதுவரை குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பிலேயே வைத்தோம்.

பிறகு கிணற்றுக் கட்டை இரண்டு அடி உயர்த்தினோம், கப்பி திரும்ப ஏறியது. ஆளுக்கு நாளுக்கு 4 லீட்டர், ஐந்து பேருக்கு 3 நாளுக்கு 60 லீட்டர், மூடியுள்ள கான்களில் ஐப்பசி முடியுமுன் நிரப்பிவிடுவோம். இப்போது அதை நினைவூட்டுவதே அம்மம்மாதான்.