மண்டையோட்டைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கணித்தல்

மண்டையோடு கையில் கிடைத்ததும் முதலில் அது வளர்ச்சி முடிந்த ஒருவருடையதா என்று பார்க்க வேண்டும். பருவமடைவதற்கு முன் ஆண், பெண் வேறுபாடுகள் எலும்பில் தெளிவாகப் பதிவதில்லை என்பதால், சிறுவர் மண்டையோட்டில் கணிப்பைத் தவிர்ப்பதே நேர்மை.

1994இல் அமெரிக்காவில் வெளியான தரமுறைப்படி, பிடரிமேடு, காதுக்குப் பின்னுள்ள எலும்புமுனை, கண்குழியின் மேல்விளிம்பு, புருவங்களுக்கு இடைப்பட்ட மேடு, முகவாய் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படுகிறது. 1 பெண்மைச் சாயலையும் 5 ஆண்மைச் சாயலையும் குறிக்கும்.

கண்குழி விளிம்பைக் கண்ணைவிட விரலே நன்றாக அறியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அதை மெல்லப் பிடித்து வருடினால், சற்று மழுங்கிய கத்தியின் ஓரம்போல் கூர்மையாக இருப்பது பெண்ணின் பக்கமும், பென்சில்போல் தடித்து உருண்டிருப்பது ஆணின் பக்கமும் சாய்கிறது. காதுக்குப் பின்னுள்ள முனையில் நீளத்தைக் காட்டிலும் பருமனையே கணக்கில் கொள்ள வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பிடரிமேட்டைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது நல்லது. முகவாயை மதிப்பிடுவதில் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் கருத்து மாறுவதால், அதற்கு நான் அதிக எடை தரமாட்டேன்.

மக்கள்குழுவுக்கு மக்கள்குழு எலும்பின் தடிமன் வேறுபடுவதால், ஓரிடத்து அளவுகோலை வேறோரிடத்து மண்டையோட்டுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. முதுமையில் பெண்களின் புருவமேடும் தடிக்கக்கூடும். இடுப்பெலும்பும் கிடைத்திருந்தால் அதன் சாட்சியத்துக்கே முதலிடம் தந்து, அறிக்கையில் 'பெண்ணாக இருக்கக்கூடும்', 'உறுதி செய்ய இயலவில்லை' என்பன போன்ற சொற்களைத் தயங்காமல் எழுத வேண்டும்.