புது மனநல மருத்துவரிடம் மாறும்போது செய்யக்கூடாதவை

தம்பி பதினொரு வருடமாகக் குளோசபின், லித்தியம் என்ற இரண்டு மனநல மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிடுகிறான். ஊர் மாறி மாறி மூன்று டாக்டர் மாற்றியாயிற்று. நாங்கள் பட்டதையே புதிதாக வரும் குடும்பங்களும் படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுதுகிறேன். பழைய சீட்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மாத்திரை தீரும்வரை விடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த புதிது. நான்கு நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதுதான் டாக்டருக்கு போன் செய்தோம். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். சீட்டு பழசு என்று மெடிக்கல் ஷாப்பிலும் தரவில்லை. ஐந்து நாள் மாத்திரை இல்லாமல் போனது. ஆறாம் நாள் துணிப்பெட்டிக்குள் ஒரு அட்டை கிடைக்க, அம்மா வழக்கமான 300 மில்லிகிராம் குளோசபினை அப்படியே கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தான். புருவத்தில் நான்கு தையல்.

குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை உடம்பு தாங்காது. ரத்த அழுத்தம் சரியும், வலிப்பும் வரலாம். 12.5 மில்லிகிராமில், அதாவது 25 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் பாதியில், மறுபடி தொடங்கி டாக்டர்தான் ஏற்ற வேண்டும். இதை அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை. 300-க்குத் திரும்ப மூன்று வாரம் ஆனது. அதுவரை அவனுக்குக் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. ராத்திரியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பான்.

புது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு வீடு மாற்ற லாரி பேசுங்கள். குளோசபின் நோயாளிகளைப் பார்ப்பாரா என்று போனிலேயே கேளுங்கள். இடைப்பட்ட நாட்களுக்குப் பழைய டாக்டரிடமே சீட்டு வாங்குங்கள்.

"அந்த டாக்டர் கொடுத்தார்" என்பது

குளோசபின், லித்தியம் இரண்டும் எதற்கு என்று புது டாக்டர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். இதற்கு முன் எந்த மருந்து, எவ்வளவு டோஸ், எத்தனை மாதம், ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். மற்ற மருந்துகள் பலிக்காத பிறகுதான் பொதுவாகக் குளோசபினுக்கு வருவார்கள். அந்த வரலாறு தெரியாவிட்டால் மருந்தை மாற்றத்தான் தோன்றும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 25ஆம் பிரிவில் நோயாளிக்குத் தருகிறது. கூசாமல் கேளுங்கள்.

கடைசி ரத்த ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோவது

எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள்.

சிகரெட்டை மறைப்பது

புகைத்தால் ரத்தத்தில் குளோசபின் அளவு குறையும். திடீரென்று விட்டால் ஏறும். அம்மா பக்கத்தில் இருந்தால் தம்பி வாய் திறக்க மாட்டான். அதனால் டாக்டரிடம் அவனை முதல் ஐந்து நிமிடம் தனியாகத்தான் அனுப்புகிறோம்.