பிளாக் அளவு சரியாக வர: கால் நூல் கணக்கு

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் விரிப்பில், 6½ இஞ்ச் வர வேண்டிய பிளாக் (ஒரு சதுரக் கட்டம்) 6⅜ வருதுன்னா, அது ஒரு நூல் (⅛ இஞ்ச்) குறைவு. ஒரு வரிசையில் 8 பிளாக் வைத்தால் ஒரு முழு இஞ்ச் போயிடும். பெரும்பாலும் கோளாறு தையலில்தான் இருக்கும்.

துணிக்கு, ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் கிடைக்கிற சாதா காட்டன் பாப்ளின் போதுங்க. எல்லாத் துணியையும் அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்க. பட்டையின் நீளம் பாவு வாட்டத்தில், அதாவது கரைக்கு இணையாக இருக்கட்டும். ஊடை வாட்டம், அதாவது கரைக்குக் குறுக்கே, அதிகம் இழுபடும். சாக்கட்டிக் கோடே அரை நூல் தடிமன் இருக்கும். அதனால் உருளும் கட்டரும் கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் ஸ்கேலும் வாங்கிடுங்க. இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீங்க.

ஓரத்திலிருந்து 2 நூல் (கால் இஞ்ச்) விட்டுத் தைக்கணும். அதற்கு மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தின் ஓரத்தை நம்ப வேண்டாம். ஸ்கேலை ஊசிக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி நுனியை வலது ஓரத்திலிருந்து 2 நூல் உள்ளே இருக்கும் கோட்டில் தொட வையுங்க. ஸ்கேலின் வலது ஓரத்தை ஒட்டி மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டினால் துணி சாய்ந்து ஓட ஒரு சுவர் கிடைக்கும். துணியைத் தள்ளும் பல்லை டேப் மறைக்கக் கூடாது.

இனிச் சோதனை. 2½ இஞ்ச் அகலம், 6½ நீளத்தில் 3 பட்டை வெட்டித் தைத்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்க. நடுப்பட்டை 2 இஞ்ச், மொத்தம் 6½ வரணும்.

சரியாக 2 நூல் விட்டுத் தைத்தாலும் முதல் தடவை குறைவாகவே வரலாம். துணி தையல் நூலைச் சுற்றி மடிந்து திரும்பும் இடத்தில் கொஞ்சம் அளவு போகும். தடித்த தையல் நூல் போட்டால் இன்னும் போகும். இங்கேதான் பலரும் தவறாகத் திருத்துகிறார்கள். மொத்தத்தில் ஒரு நூல் குறைந்தால், 2 தையலுக்கும் ஆளுக்கு அரை நூல். ஒரு தையலில் 2 ஓரம் சேர்வதால், ஓரத்துக்குக் கால் நூல்தான். ஆகவே டேப்பை ஊசிப் பக்கம் கால் நூல் மட்டும் நகர்த்துங்க. அரை நூல் நகர்த்தினால் பிளாக் பெரிதாகிடும். அளவு வரும் வரை புதுப் பட்டையில் தைத்துப் பாருங்க.

பின்சேர்க்கை: திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் செய்யலாமான்னு கேட்கிறவங்களுக்கு: அது பின்னல் துணி, தைக்கும்போதே நீளும். இஸ்திரியில் ஒட்டுகிற மெல்லிய கேன்வாஸை முதலில் பின்னால் ஒட்டிட்டு, அப்புறம் வெட்டுங்க. தடிமன் கூடுவதால் பட்டைச் சோதனையை அந்தத் துணியிலேயே மறுபடி செய்யணும்.