சமர்கண்ட் – சப்போரோ: கிலோமீட்டரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டிலிருந்து ஜப்பானின் சப்போரோவுக்கு எவ்வளவு நேரம் என்று தேடினால், ‘6,000 கி.மீ., 6 மணி 40 நிமிடம்’ என்கிற மாதிரி ஒரு விடை வந்து விழும். தூரம் சரிதான். நேரம் வெறும் வகுத்தல் கணக்கு: 6,000-ஐ 900-ஆல் வகுத்தது. விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஏறி இறங்குவதும் அதில் சேரவில்லை. அதைவிட, இந்த இரண்டு ஊருக்கும் இடையே வழக்கமான நேரடி விமானமே இல்லை!

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது இன்னொரு தவறு. அந்தக் கோடு கோபி பாலைவனத்தின் மேல் போகும். உண்மையான குறுக்குவழி வடக்கே வளைந்து, மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தர் பக்கமாகப் போகிறது. ஒரு பந்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். வித்தியாசம் சுமார் 200 கி.மீ.

நடைமுறையில் தாஷ்கண்ட் போய், அங்கிருந்து சியோல், பிறகு சப்போரோ என்று போகலாம். வான்வழியில் கூட்டினால் 6,500 கி.மீ. சொச்சம், ஏறக்குறைய 500 கி.மீ.தான் கூடுதல். ஆனால் காத்திருப்பையும் சேர்த்தால் நேரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அடுத்தது கடிகாரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜப்பானும் கொரியாவும் உஸ்பெகிஸ்தானைவிட 4 மணி நேரம் முன்னே. தாஷ்கண்டில் இரவு 10 மணிக்கு ஏறி, சியோலில் காலை 8.30-க்கு இறங்கினால், பறந்தது பத்தரை மணி நேரம் அல்ல, ஆறரைதான். திரும்பும்போது காலை 11-க்கு ஏறி மதியம் 2.30-க்கு இறங்கினால், மூன்றரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும்.

போக ஆறரை, வர ஏழரையா என்று கேட்கலாம். காரணம் வானில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்று. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 200 கி.மீ.-க்கு மேல் வேகம் பிடிக்கும். (1920-களிலேயே இதை அளந்த ஜப்பானியர் ஓயிஷி வசாபுரோ, அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதினார். உலகம் கவனிக்காமல் போனதில் வியப்பென்ன!) எனவே ஒரு திசையின் நேரத்தை இரண்டால் பெருக்காதீர்கள்.

கடைசியாக, சப்போரோவின் பெரிய விமான நிலையமான நியூ சிட்டோசே ஊருக்குள் இல்லை. நகர மையத்துக்கு ரயிலில் இன்னும் 40 நிமிடம் ஆகும். ஜனவரி, பிப்ரவரி என்றால் பனிப்புயலில் விமானம் ரத்தாகக்கூடும். மறுநாள் காலையில் முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.