காக்டெய்லுக்கு வீட்டிலேயே நன்னாரி சிரப்

ரம்மில் கலக்க எந்த சிரப் நல்லது என்று கேட்டால் நான் யோசிக்காமல் நன்னாரி என்பேன். ஓக் பீப்பாயில் கிடந்த ரம்மில் வனிலா வாசனை இருக்கும். நன்னாரி வேரின் மணப்பொருளும் வனிலாவின் வனிலினும் வேதியியலில் நெருங்கிய உறவு. அதனால்தான் இரண்டும் அப்படி ஒட்டிப்போகின்றன.

நாட்டு மருந்துக்கடையில் வேரை வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். நன்னாரி மெலிந்த வேர். மேல்தோல் கரும்பழுப்பாக, வெடிப்பு வெடிப்பாக இருக்கும். தடித்து, சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளிக்கிழங்கு. வாசனை ஏறக்குறைய அதேதான், ஆனால் அதை ஊறுகாய்க்கு விட்டுவிடலாம். ஒரு துண்டை நகத்தால் கீறி மோந்து பாருங்கள். மணம் உடனே எழ வேண்டும். தூசி வாசனை மட்டும் வந்தால் அது பழைய சரக்கு.

50 கிராம் வேரை மண் போகக் கழுவி, அம்மியிலோ இடிகல்லிலோ வைத்துத் தட்டுங்கள். பட்டை பிளந்து, நடுவே வெள்ளையாக ஒரு நரம்பு தெரியும். அதை உருவி எறிந்துவிடுங்கள். மணமெல்லாம் பட்டையில்தான்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். வேரைப் போட்டுக் கொதிக்க விடாதீர்கள். இதன் மணம் ஆவியோடு கிளம்பிவிடும். சமையலறை கமகமவென்று இருக்கும், பாட்டிலில் ஒன்றும் மிஞ்சாது. அரை லிட்டர் தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, இடித்த பட்டையின் மேல் ஊற்றி, உடனே இறுக மூடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும்.

காலையில் மெல்லிய துணியில் வடிகட்டினால் சுமார் 400 மில்லி கிடைக்கும். அதற்கு 700 கிராம் சர்க்கரை. அதிகமாகத் தோன்றும், ஆனால் குறைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். மிகச் சிறிய தீயில், மூடியே வைத்து, அவ்வப்போது கிளறிச் சர்க்கரை கரையும்வரை மட்டும் சூடாக்குங்கள். பாகுப் பதமெல்லாம் பார்க்க வேண்டாம். ஒரு ஸ்பூன் எலுமிச்சைச்சாறு சேர்த்தால் சர்க்கரை மறுபடி கட்டிதட்டாது. வெந்நீரில் கொதிக்கவைத்து, ஈரம் போகக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். கடை சர்பத் போலக் கருப்பாக வராது, வெளிர் பழுப்புதான். நிறம் சேர்க்காததால் அப்படி, அதுவே சரி.

சரி, கலவைக்கு வருவோம். டார்க் ரம் 45 மில்லி, சிரப் 20, எலுமிச்சைச்சாறு 20. ஐஸ் போட்டு, ஷேக்கர் கை சில்லிடும்வரை குலுக்கி வடிகட்டுங்கள். ஜின்னோடு எனக்கு இது பிடிப்பதில்லை, ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிபர் காய் நன்னாரியை அமுக்கிவிடுகிறது. மது வேண்டாதவர்களுக்கு 30 மில்லி சிரப், அரை மூடி எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை, மேலே சோடா.

வடிகட்டிய பட்டையைத் தூக்கிப் போடாமல் அன்றைக்கே மண்பானைத் தண்ணீரில் போடுங்கள். ஒரு நாள் குடிக்கும் அளவுக்கு அதில் மணம் மிச்சமிருக்கும்.