சம்மன் வந்தால் நாட்களை எண்ணுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த பல வீடுகளில் நீதிமன்றக் கடிதம் நேராகப் பிரிட்ஜ் மேல் போய்விடும். யாருக்கோ மோட்டார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருப்பார்கள். "கடன் வாங்கினது அவன்தானே" என்று விட்டுவிடுவார்கள். அடுத்து வரும் தாளில் 'பெங்ஹாக்கிமான் இங்கார்' என்றிருக்கும். நாம் பதில் கொடுக்காததால், நம் தரப்பைக் கேட்காமலே கொடுத்த தீர்ப்பு அது. பலத்தில் குறைச்சல் இல்லை: சாமானை ஜப்தி செய்யலாம், வங்கிக் கணக்கிலும் கை வைக்கலாம்.

தீபகற்பத்தில் ரிட் சம்மன் (வழக்கைத் தொடங்கும் நீதிமன்றத் தாள்) கிடைத்த 14 நாளுக்குள் 'மெமோராண்டம் கெஹாடிரான்', அதாவது வழக்கில் நாம் ஆஜராகிறோம் என்று சொல்லும் தாளை, நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. சரி, தவறவிட்டாச்சா? 2012 நீதிமன்ற விதிகளின்படி, தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனுப் போடலாம். சம்மனே பழைய லயத்து முகவரிக்குப் போய்விட்டது என்றால் அதை முதலில் சொல்லுங்கள், வலுவான காரணம் அது. முறையாக வந்திருந்தால், கேட்கும் தொகை ஏன் தப்பு என்று காட்ட ஏதாவது வேண்டும்; வெறும் "தெரியாது" எடுபடாது.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் ஜபாத்தான் பந்துவான் குவாமானில் (அரசாங்கச் சட்ட உதவி இலாகா) ஆலோசனை கேட்கலாம். கடிதம் வந்த உறையையும் கொண்டு போங்கள், தேதி முத்திரை அதில்தான் இருக்கும்.